கடைசியில் வரும் பத்தாயிரம்

சுவாசாராவிடம் ஓர் எண்ணைக் கேட்டால் அதன் வாலைத்தான் முதலில் காட்டுவாள். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. எங்கள் தீவின் மலகாசி மொழியில் எண்கள் அப்படித்தான் நடக்கின்றன. ஒன்று முதலில், பத்து பிறகு, நூறும் ஆயிரமும் அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால் பத்தாயிரம். பத்தாயிரத்துக்கு 'அலினா' என்று தனிப் பெயரே உண்டு. விசேஷம் என்னவென்றால், எங்கள் கடற்கரையில் நாலெழுத்துப் படித்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாக்கியத்தை மலகாசியில் தொடங்குவார்கள். நடுவில் பெரிய எண் ஒன்று வந்தால் பிரெஞ்சுக்குத் தாவுவார்கள். எண் முடிந்ததும் மறுபடி மலகாசியில் இறங்குவார்கள். வழியில் குட்டையைக் கண்டவன் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டுவது போல. சுவாசாரா தாண்ட மாட்டாள். குட்டையில் இறங்கியே நடப்பாள்.

அவள் வட்டார அலுவலகத்தின் வானொலித் தந்தி அறையில் வேலை பார்த்தாள். தொலைபேசிக் கம்பி எங்கள் ஆற்றுமுகத்துக்கு வந்து சேராத காலம் அது. மாகாணத் தலைநகருக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது காடும், பாலம் இல்லாத ஆறுகளும், அவள் குரலும்தான். கிராம்பு விளைச்சல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காய்ச்சல் கண்டவர்கள், மழையளவு, எல்லாமே அவள் வாய் வழியாகத்தான் எண்ணாகி வெளியே போயின. தடித்த உடம்பு, குட்டையான கழுத்து, எதையும் மறுத்தே தொடங்கும் சுபாவம். காலையில் அவித்த ஈரப்பலாவைக் காப்பியோடு தின்றுகொண்டே கருவியைத் திறப்பாள். கல்யாணம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அந்த மனிதர் மறுகரையில் வேறொருத்தியோடு வாழ்ந்தார். சந்தையில் கண்டால் இருவரும் மரியாதையாக நலம் விசாரித்துக்கொள்வார்கள்.

மறுமுனையில் ரலாய் இருந்தான். தலைநகரின் நிவாரண அலுவலகத்தில் அவளுடைய எண்களை எழுதிக்கொள்கிற ஆள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. குரலை வைத்தே அவள் அவனைத் தம்பியாக்கிக்கொண்டாள், அவன் அவளை அக்காவாக்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வான்வெளி சும்மா கிடக்கும்போது இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. அவன் ஏதாவது பத்திரிகையிலிருந்து ஒரு பெரிய எண்ணைப் பிரெஞ்சில் படிப்பான்; அவள் அதை மலகாசியில் சொல்ல வேண்டும். ஒருமுறை சூரியன் எவ்வளவு தூரம் என்று கேட்டான். நூற்றைம்பது மில்லியன் கிலோமீட்டர் என்று பத்திரிகை சொன்னது. மில்லியனுக்கு எங்கள் முன்னோர் வைத்த பெயர் தபிட்ரிசா, அதாவது எண்ணி முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்ற நம்பிக்கையில் வைத்த பெயர். சுவாசாரா கணக்கைச் சொன்னாளாம். பிறகு, எண்ணி முடிஞ்சதுன்னு பேர் வெச்சவன் பாவம், சூரியன்கிட்ட போறதுக்குள்ள நூத்தம்பது தடவை முடிக்க வேண்டியிருக்கே என்றாளாம்.

முடிந்த பிறகும் எண்ண வேண்டி வந்தபோது, அதற்கும் ஆயிரம் மடங்குக்கு லவிட்ரிசா என்றார்கள்: தொலைதூர எண். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பில்லியன் என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு தொகையை நினைக்கிறார்கள் என்று ரலாய் எங்கோ படித்து அவளிடம் சொன்னான். அது அவளுக்குப் பல நாள் சிரிப்பாக இருந்தது. எங்களிடமும் சொன்னாள். முடிவை எங்கே வைப்பது என்பதில் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாக அவசரப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னிடம் தங்கிவிட்டது: பேர் வைக்காத எண்ணை யாராவது பார்த்திருக்கிறார்களா?

அவளோடு தினமும் வழக்காடியவர் துணை அதிகாரி சுலூஃபு. மலைநாட்டிலிருந்து வந்தவர், இளைஞர், கடலைக் கண்டால் பயம், வேலையில் நேர்மை. கம்பியில்லாத் தொடர்பில் எண்ணைப் பிரெஞ்சில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. பெரியது முதலில் வந்துவிட்டால் மற்றது கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்பார்.

"தலை வந்துட்டா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும், சுவாசாராம்மா. நீங்க கால் விரல்லேர்ந்து ஆரம்பிக்கிறீங்க" என்று ஒருநாள் சொன்னார்.

"ஒத்தை ஆளுங்கதான் முதல்ல வரணும், ஐயா. கூட்டம் எங்க போயிடப் போவுது? அது பின்னாலயே வந்து நிக்கும்" என்றாள் அவள்.

இதை ஊரில் பலர் ஒரு பெரிய தத்துவமாகச் சொல்லித் திரிந்தார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. மொழி எதையும் யோசித்து வரிசை வைப்பதில்லை. அது போகிற பாதையில் போகிறது, நாம்தான் பின்னால் நடந்து காரணம் தேடுகிறோம். ஆனால் தேடிக் கண்ட காரணத்தின்படி ஒருத்தி வாழ்ந்துவிட்டால் அந்தக் காரணத்துக்கு ஓர் எடை வந்துவிடுகிறது. சுவாசாராவுக்கு வந்தது புயல் வருஷத்தில்.

புயல் எங்களுக்குப் புதிதல்ல. வருஷா வருஷம் ஏதோ ஒன்று வந்து ஓலைகளைப் பிடுங்கிப் போகும். அந்த வருஷத்துப் புயல் ஆற்றைத் திருப்பி ஊருக்குள் விட்டது. கிராம்பு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அறுவடைக்கு நின்ற நெல் உப்புத் தண்ணீரில் மூழ்கியது. வீட்டுப் பரணில் இருந்த அரிசியும் போயிற்று. அலுவலகத்தின் மின்னாக்கி சேற்றுக்குள் போனது. வானொலிக் கருவி மட்டும் உயரப் பலகையில் இருந்ததால் தப்பியது. அதற்கு ஒரு பேட்டரி இருந்தது, பாதி உயிரோடு.

ஊர்த் தலைவர்கள் ஓடத்திலும் கால்நடையாகவும் வந்து தங்கள் பகுதியில் அரிசி இல்லாதவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார்கள். மேலாற்று ஊர்க்காரர்கள் கடைசியாக வந்தார்கள். சுவாசாராவும் சுலூஃபுவும் தனித்தனியாகக் கூட்டி ஒரே தொகைக்கு வந்தார்கள்: நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. தலைநகரில் ஒரு கரையோரக் கப்பல் காத்திருந்தது. கடல் மறுபடி கெடுவதற்குள் அன்று மாலை அரிசி ஏற்றிக் கிளம்பியாக வேண்டும். எத்தனை பேருக்கு என்று தெரிந்தால் ஏற்றுவார்கள்.

சுவாசாரா கருவியைத் திறந்து ரலாயை அழைத்தாள். அவன் இருந்தான். அவள் சொன்னாள்: ஏழும், ஐம்பதும், முந்நூறும், இரண்டாயிரமும், நாலு அலினாவும். சொல்லி, முடிந்தது என்றும் சொன்னாள். கருவியில் மின்சாரத்தைக் காட்டும் முள் அதற்குள் கீழே படுத்துவிட்டது. எதுவரை போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேசுவதற்குத்தான் அந்தக் கருவி நிறைய மின்சாரம் தின்னும்; கேட்பதற்குக் கொஞ்சம் போதும். கொஞ்சம் மீதி இருந்தது. ரலாயின் குரல் வந்தது.

"அக்கா, வந்துடுச்சு. ஏழும் ஐம்பதும் முந்நூறும் ரெண்டாயிரமும். சரியா இருந்தா பதில் சொல்ல வேணாம், பேட்டரியை மிச்சம் பிடிங்க. தப்புன்னா மட்டும் கூப்பிடுங்க."

அன்பினால்தான் அப்படிச் சொன்னான். அவன் காதில் விழுந்தது ஒரு முழு எண். எங்கள் மொழியில் எண்ணின் எந்த இடத்தில் அறுத்தாலும் அது முழுசாகத்தான் தெரியும். ஒவ்வொரு 'உம்'மும் கடைசி 'உம்'மாக இருக்கலாம். முடிந்தது என்ற சொல் கேட்கவில்லையே என்று அவன் யோசிக்காமல் இல்லை. அந்த ஒரு சொல் மட்டும் காற்றில் போயிற்று என்று நினைத்துக்கொண்டான். பிரெஞ்சில் எண்ணுகிறவனுக்கு இந்தத் தவறு வந்திருக்காது. அவனுக்கு வேறு தவறு வந்திருக்கும்.

சுவாசாரா அழைப்பு விசையை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நாலு அலினாப் பேர் அந்த அறைக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

சுலூஃபு அவளைக் குறை சொல்லவில்லை. அதை நான் குறித்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. வெளியே ஓடினார். ஊரில் தண்ணீருக்கு மேலே நின்ற ஒரே வண்டி கிராம்பு வியாபாரியின் லாரி. வியாபாரி தலைநகரில் இருந்தார், அவர் மனைவி ஃபெலானா வீட்டில் இருந்தாள். லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றுவதற்கு அவள் சம்மதித்தாள், ஆனால் சும்மா சம்மதிக்கவில்லை. புருஷன் திரும்பி வந்து கேட்டால் அரசாங்கம் எடுத்துப் போனது என்றுதான் சொல்வேன், நான் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு அவளே ஒரு முனையைப் பிடித்து அதை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பேட்டரியிலும் தண்ணீர் புகுந்திருந்தது. முள் சற்றே எழுந்து நடுங்கியது. மூன்று நாலு வாக்கியத்துக்கு மேல் தாங்காது என்று மூவருக்கும் தெரிந்தது.

"பெருசுலேர்ந்து சொல்லுங்க" என்றார் சுலூஃபு. "பிரெஞ்சுல வேணாம், நம்ம பேச்சுலயே சொல்லுங்க. நாலு அலினா, ரெண்டாயிரம், அப்படியே கீழ. எங்க அறுந்தாலும் பெருசு போயிருக்கும்."

இப்போது யோசித்தால் அதுதான் சரியான வழி. சுவாசாராவும் பின்னால் அதை ஒப்புக்கொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் கணக்கு வேறாக இருந்தது. வால் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அவனே படித்துக் காட்டினான். இனி தலையை மட்டும் அனுப்பினால் அவன் ஒட்டவைத்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் தம்பி அல்லவா. இன்னொன்றும் இருந்திருக்கலாம்: எண்ணைத் தலைகீழாகச் சொல்ல அவள் நாக்கு வளையவில்லை.

"நாலு அலினா" என்றாள். "நாலு அலினா, ரலாய். நாலு அலினா."

முள் படுத்துவிட்டது. இந்த முறை கேட்பதற்கும் ஒன்றும் மீதி இல்லை.

அதன் பிறகு காத்திருந்தது பெரிய வேதனை. அவன் கேட்டானா, கேட்கவில்லையா? கேட்டிருந்தால் கூட்டினானா, மாற்றினானா? இரண்டாயிரம் பேருக்கான கப்பல் வந்தால் கரையில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மரவள்ளியைத் தோண்டித் தின்றோம். பச்சை வாழைக்காயை அவித்தோம். சுவாசாரா செத்த கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அங்கே உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டதற்கு, வேற எங்க உக்காரணும் என்று திருப்பிக் கேட்டாள்.

கப்பல் வந்தது. தாழ்ந்து வந்தது, அதாவது பாரத்தோடு. கரையில் நின்றவர்கள் அதைக் கண்டே அழ ஆரம்பித்தார்கள். சுவாசாரா அழவில்லை. கப்பல் தலைவரிடம் போய் எத்தனை பேருக்கு என்று கேட்டாள்.

நாற்பதாயிரம் பேருக்கு என்றார் அவர். அரிசியோடு ரலாய் சொல்லி அனுப்பிய கதையும் வந்திருந்தது. இரண்டாவது செய்தி அவனுக்குக் கேட்டது. இரண்டையும் கூட்ட வேண்டும் என்று அவனுக்குச் சட்டென்று புரிந்தது. அதிகாரியிடம் ஓடிப்போய் நாற்பத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு என்று சொன்னான். அதிகாரிக்கு அது புரியவில்லை. முதலில் இரண்டாயிரம் என்றார்கள், பிறகு நாற்பதாயிரம் என்றார்கள், ஆக கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு. இரண்டையும் கூட்டச் சொல்லி யார் சொன்னது என்று கேட்டார். எங்க பேச்சுல எண்ணே கூட்டல்தான் ஐயா என்று ரலாய் மன்றாடினானாம். நாற்பதாயிரமே மேலே கூட்டி முழுசாக்கிய எண் மாதிரிதான் இருக்கிறது, அதுவே அதிகமாக இருக்கும் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் தடவை தலை அறுந்தது. இரண்டாவது தடவை வால். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இவ்வளவு கவலை எதற்கு, நாற்பதாயிரம் வந்ததே பெரிய அதிர்ஷ்டம் என்றார்கள். ஆனால் சொச்சம் என்பது எல்லோர் தலையிலும் சமமாக விழுவதில்லை. வரிசையில் கடைசியாக நிற்கிறவர்கள் மேல்தான் முழுசாக விழும். மேலாற்று ஊர்க்காரர்களின் ஓடங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் வரும்போது கிடங்கில் தரைதான் இருக்கும்.

இதைச் சுவாசாரா சுலூஃபுவிடம் சொன்னாள். தப்பு என்னோடது, நீங்க சொன்ன மாதிரி சொல்லியிருந்தா இது வந்திருக்காது என்றும் சொன்னாள். இப்ப என்ன செய்யலாம் என்று அவர் கேட்டார். அவள் கிடங்கின் மூங்கில் தட்டியிலிருந்து ஒரு தட்டையான சிம்பை உடைத்து எடுத்துக்கொண்டாள்.

எங்கள் கரையில் அரிசியைப் பால் டப்பாவால் அளப்போம். டப்பாவை நிரப்புவது அளவல்ல. மேலே கோபுரம் எழும்பி, இனி ஒரு மணி விழுந்தாலும் சரியும் என்கிற வரை குவிப்பதுதான் அளவு. விற்கிறவனும் குவிப்பான், தானம் கொடுக்கிறவனும் குவிப்பான். தலை தட்டி அளப்பது நாய்க்கு வைக்கிற அளவு என்பார்கள். ஆளுக்கு இத்தனை டப்பா என்று அலுவலகம் போட்ட கணக்கும் கோபுர டப்பாக் கணக்குதான். சுவாசாரா அளக்கிறவர்களின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு டப்பாவின் தலையையும் சிம்பால் வழித்துத் தள்ளினாள். வழித்தது எல்லாம் அவள் காலடியில் விரித்த பாயில் விழுந்தது.

வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. ரேடியோக்காரி காத்துல பாதியை விட்டா, இப்ப டப்பாவுல மீதியை எடுக்கிறா என்றான் ஒருவன். தாயில்லாப் பிள்ளைக்கு அளக்கிற மாதிரி அளக்கிறாள் என்றாள் ஒரு கிழவி. சுவாசாரா அடுத்த டப்பாவை வழித்தாள். ஃபெலானாவின் முறை வந்தது. அவள் டப்பாவின் தலை போனதும் கூடையை இழுத்துக்கொண்டாள்.

"பேட்டரி குடுத்தவளுக்கே தலை தட்டுறியா?"

"உங்க பேட்டரியிலதான்க்கா அந்த ரெண்டாயிரம் பேரை விட்டேன்" என்றாள் சுவாசாரா. "அதான் இந்தக் குச்சி."

ஃபெலானா அவள் முகத்தைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். "அவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். எங்க கிராம்பைத் திருடுற பயலுங்க" என்று சொல்லிவிட்டு ஃபெலானா கூடையை மறுபடி முன்னால் நகர்த்தினாள். தட்டு, சீக்கிரம் தட்டு, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க என்றாள். அவள் மனம் இளகிவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாது. வரிசை நீளமாக இருந்ததும் உண்மை.

மேலாற்று ஓடங்கள் வந்தபோது கிடங்கில் மூட்டை எதுவும் இல்லை. பாயில் இருந்ததைச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தார்கள். அதை அவர்களுக்கும் தலை தட்டியே அளந்தாள். அவர்களில் ஓர் ஊர்த் தலைவருக்கு அது அவமானமாக இருந்தது. வாங்கிக்கொண்டு போனார். கடைசி ஓடத்துக்கும் இருந்தது. அதற்குப் பிறகு பாயில் ஒட்டியிருந்ததை உதறி அவளும் சுலூஃபுவும் கஞ்சி வைத்துக் குடித்தார்கள்.

புது மின்னாக்கி வந்தது. அதோடு தலைநகரிலிருந்து உத்தரவும் வந்தது: இனி எல்லா எண்ணும் பிரெஞ்சில், பெரியதிலிருந்து. சுலூஃபு அதை அவளிடம் படித்துக் காட்டிவிட்டு, மொழியைப் பற்றி நான் யாருக்கும் எழுதிப் போடவில்லை என்றார். தெரியும் என்றாள்.

அன்று அனுப்ப வேண்டியது கூரை இல்லாத வீடுகளின் எண்ணிக்கை. சுலூஃபு கதவருகே நின்றார், அவள் எதைச் செய்வாள் என்று பார்க்க. அவள் நெடுநேரம் விசையைத் தொடாமல் இருந்தாள். பிறகு அழுத்தி, மலகாசியில், தலையிலிருந்து தொடங்கினாள்: ஓர் அலினா. அந்தச் சொல்லோடு நிறுத்தினாள், மாடிப்படியில் இறங்குகிறவள் அடுத்த படி எங்கே என்று காலால் தேடுவது போல.

மறுமுனையில் ரலாயின் குரல், சந்தேகத்தோடு.

"யார் பேசறது? அங்க சுவாசாரா அக்கா இல்லையா?"

"நான்தான்டா" என்றாள் அவள். "எழுதிக்கிட்டே இரு. இன்னும் முடியல."